எண்ணிய பின் எண்ணுக: நிகழ்தகவுக் கணிதம் பயில்வோர்க்கு

பல்கலைக் கழகத்தில் கணிதம் பயிலப் புகும் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளிலேயே சந்திக்கும் பாடங்களுள் ஒன்று நிகழ்தகவு. ஒரு நிகழ்ச்சி நடக்கக்கூடிய வாய்ப்பை எண்ணால் அளந்து கூறும் கலை அது. நுண்கணிதத்திலும் இயற்கணிதத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள்கூட இப்பாடத்தில் இடறுவதுண்டு. இதில் வியப்பு என்னவென்றால், இதன் தொடக்கப் பகுதிக்கு வேண்டிய கணக்கு மிகவும் சிறிது. கூட்டல், பெருக்கல், பின்னம் ஆகியவை தெரிந்தால் போதும். தொடர்களும் தொகையீடும் பின்னரே வருகின்றன. கணக்கு எளிதாயிருக்க, விடை மட்டும் தவறிப்போவதற்குக் காரணம் யாது?

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தொகை காண்பதும் எண்ணுதல், சிந்திப்பதும் எண்ணுதல். நிகழ்தகவுக் கணிதத்தில் தொகை காண்பது எளிது. எதைத் தொகுப்பது என்று சிந்தித்துத் தெளிவதே அரிது. மாணவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதற்கு விரைந்து விடுகிறார்கள். ஒவ்வொரு கணக்கையும் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்கள் உள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் குலுக்குச் சீட்டுக் கடையிலும் இதே வினாக்கள் எழுவதால், கணிதம் பயிலாதவர்களுக்கும் இவை பயன்படும்.

சூதாட்டத்தில் பிறந்த கலை

பாரதத்தில் வரும் நளன் கதையை நாம் அறிவோம். சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டியாக இருந்தான். அவ்வரசன் வழியில் நின்ற தான்றி மரத்தைப் பார்த்த அளவிலேயே அதன் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொன்னான். வியப்புற்ற நளன் தன் குதிரை வித்தையை அவனுக்குக் கொடுத்து, எண்ணும் வித்தையையும் சூது வித்தையையும் பெற்றுக்கொண்டான். சூதுக்கும் எண்ணும் கலைக்கும் உறவு உண்டு என்பது அக்கதை கண்ட உண்மை. அவ்வுறவு முறையான கணிதமாக உருப்பெற்றதோ 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்.

1654ஆம் ஆண்டில் பாஸ்கல், பெர்மா என்னும் இரு பிரெஞ்சுக் கணித மேதைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டனர். அவர்கள் ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்று இது. திறமையில் சமமான இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் பந்தயம் வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்கு 64 காசுகளும் உரியவை. ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஓர் ஆட்டமும் வென்றுள்ள நிலையில் ஆட்டத்தை நிறுத்திவிட நேர்கிறது. காசுகளை எவ்வாறு பிரிப்பது?

வென்ற ஆட்டங்களின் விகிதப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரிக்கலாமே எனத் தோன்றும். பாஸ்கல் அவ்வாறு பார்க்கவில்லை. இதுவரை நடந்ததைக் காட்டிலும் இனி நடக்கக்கூடியதே பங்கைத் தீர்மானிக்கும் என்றார். அடுத்த ஆட்டத்தை முன்னணியில் உள்ளவர் வென்றால் அவருக்கு 64 காசு. தோற்றாலும் இருவரும் சமநிலை அடைவதால் 32 காசு. ஆகவே 32 காசு அவருக்கு உறுதி. எஞ்சிய 32 காசு யாருக்கு என்பது அந்த ஓர் ஆட்டத்தைப் பொறுத்தது. அதில் இருவருக்கும் சம உரிமை. எனவே அவருக்கு 48, மற்றவருக்கு 16.

இதே விடைக்கு மற்றொரு வழியும் உண்டு. இன்னும் இரண்டு ஆட்டங்கள் நடப்பதாகக் கொள்க. முன்னணியில் உள்ளவர் இரண்டிலும் வெல்லலாம், முதலில் வென்று பின் தோற்கலாம், முதலில் தோற்றுப் பின் வெல்லலாம், இரண்டிலும் தோற்கலாம். இந்நான்கு நிலைகளுள் மூன்று அவருக்குச் சாதகமானவை. 64இல் நான்கில் மூன்று பங்கு 48. இரு வழிகளும் ஒரே விடையில் வந்து நிற்கின்றன.

முதல் வினா: எல்லா நிலைகளும் ஒரே எடை உடையனவா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. முதல் ஆட்டத்தை முன்னணியாளர் வென்றதுமே பந்தயம் முடிந்துவிடுகிறதே; பிறகு நடக்காத ஆட்டத்தை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? உண்மையில் நடக்கக்கூடியவை மூன்று நிலைகள் தாமே? வென்று முடிவது, தோற்றுப் பின் வெல்வது, தோற்றுப் பின் தோற்பது. அவற்றுள் இரண்டு சாதகம். ஆகவே விடை 2/3 அன்றோ? இத்தகைய ஐயத்தைக் கணிதர் உரோபர்வால் அப்போதே எழுப்பினார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், 1754இல், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தாலம்பேர் என்னும் பேரறிஞர் இதே பாதையில் சென்றார். ஒரு காசை இருமுறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் வாய்ப்பு 2/3 என்று அவர் எழுதினார். சரியான விடை 3/4.

மூன்று நிலைகள் என்பது பிழையன்று. அம்மூன்றும் ஒரே எடை உடையன என்று கொண்டதே பிழை. முதற் சுண்டலில் தலை விழுவது இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பூ விழுந்து பின் தலை விழுவது நான்கில் ஒரு பங்கு. பூவும் பூவும் விழுவது நான்கில் ஒரு பங்கு. இவற்றைச் சமமாகப் பாவித்தல், ஒரு கிலோக் கல்லையும் அரைக் கிலோக் கல்லையும் ஒன்றென்று கொண்டு நிறுப்பதற்கு ஒப்பாகும்.

இக்கருத்துக்கு இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு கலிலியோவிடம் கிடைக்கிறது. வானியலில் புகழ்பெற்ற அவரிடம் பகடையாடுவோரின் புதிர் ஒன்று வந்தது. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதைக் காட்டிலும் 10 சற்று மிகுதியாக வருகிறது. ஆனால் இரண்டும் ஆறு வழிகளில்தான் அமைகின்றன. ஒன்பதுக்கு: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. பத்துக்கு: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. வழிகள் சமமாயிருக்க, வரவு ஏன் வேறுபடுகிறது?

மூன்று பகடைகளுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் பூசிவிட்டதாகக் கருதுக. 1-2-6 என்பது இம்மூன்று நிறங்களில் ஆறு விதமாக அமையும். 1-4-4 என்பது மூன்று விதமாகவே அமையும்; ஏனெனில் 1 எந்த நிறப் பகடையில் விழுகிறது என்பது மட்டுமே மாறுகிறது. 3-3-3 என்பதோ ஒரே விதம். இவ்வாறு எண்ணினால் ஒன்பதுக்கு 6, 6, 3, 3, 6, 1 எனக் கூடி 25 வழிகள். பத்துக்கு 6, 6, 3, 6, 3, 3 எனக் கூடி 27 வழிகள். மூன்று பகடைகளும் விழக்கூடிய மொத்த வழிகள் 6 × 6 × 6 = 216. ஆகவே வாய்ப்புகள் 25/216, 27/216. வேறுபாடு 108இல் ஒரு பங்கே. அதையும் ஆட்டக்காரர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் என்பது வியக்கத்தக்கது. பகடைகளுக்கு உண்மையில் நிறம் இல்லாவிடினும் அவை மூன்று தனிப் பொருள்கள் என்பதில் மாற்றமில்லை. நாம் வேறுபடுத்திப் பாராததால் இயற்கை தன் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை.

சாதகமான நிலைகளின் எண்ணிக்கையை மொத்த நிலைகளின் எண்ணிக்கையால் வகுப்பதே நிகழ்தகவு என்று பள்ளியில் கற்றிருப்போம். அவ்விதி செல்லுமிடம், எல்லா நிலைகளும் சமவாய்ப்பு உடையனவாக இருக்குமிடம் மட்டுமே. நடக்கக்கூடிய எல்லா நிலைகளின் தொகுதியைக் கூறுவெளி என்பர். கூறுவெளியைத் தாளில் எழுதி, அதன் உறுப்புகள் சம எடை உடையனவா என்று பார்த்த பின்னரே வகுக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் வினா: எதை அறிந்த பிறகு?

ஒரு பகடையில் 6 விழும் வாய்ப்பு 1/6. உருட்டியவர் எண்ணை மறைத்துக்கொண்டு, “விழுந்தது இரட்டைப்படை எண்” என்று மட்டும் சொல்கிறார். இப்போது 2, 4, 6 என்னும் மூன்று நிலைகளே எஞ்சுகின்றன. 6 ஆக இருக்கும் வாய்ப்பு 1/3 ஆகிறது. பகடை மாறவில்லை, நாம் அறிந்தது மாறியது. கூறுவெளி சுருங்கியது. இதுவே நிபந்தனை நிகழ்தகவு.

இது விளங்கியதும் மாணவர் விழும் குழி ஒன்று உண்டு. ‘இரட்டைப்படை என்று அறிந்தபின் 6 ஆக இருக்கும் வாய்ப்பு’ 1/3. ‘6 என்று அறிந்தபின் இரட்டைப்படையாக இருக்கும் வாய்ப்பு’ 1, அதாவது உறுதி. நிபந்தனையும் நிகழ்ச்சியும் இடம் மாறினால் எண்ணும் மாறும். பகடையில் இது வெளிப்படை. வாழ்க்கையில் அவ்வளவு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை.

கற்பனையாக ஒரு மருத்துவச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 10,000 பேர்; அவர்களுள் 100 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோயுள்ளவர் நூறு பேரில் 90 பேரைச் சோதனை சரியாகக் காட்டிக்கொடுக்கும். நோயில்லாதவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேரையும் நோயாளி என்று அது தவறாகக் காட்டும். ஒருவருக்குச் ‘நோய் உண்டு’ என்று சோதனை கூறிவிட்டது. அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு என்றே பலரும் விடை கூறுவர்.

ஆட்களை எண்ணிப் பார்ப்போம். நோயுள்ள 100 பேரில் 90 பேர் சோதனையில் அகப்படுகின்றனர். நோயில்லாத 9,900 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 990 பேரும் அகப்படுகின்றனர். ஆக மொத்தம் 1,080 பேர். அவர்களுள் உண்மை நோயாளிகள் 90 பேர். வாய்ப்பு 90/1080, அதாவது பன்னிரண்டில் ஒன்று. நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. சோதனை பயனற்றது என்பது இதன் பொருளன்று. நூற்றில் ஒன்றாயிருந்த ஐயம் பன்னிரண்டில் ஒன்றாக உயர்ந்துவிட்டது. ஆகவே மறு சோதனை வேண்டும். அதற்குள் மனமுடைந்து போக வேண்டியதில்லை.

நிபந்தனையைத் திருப்பிக் கணக்கிடும் இம்முறைக்குப் பேயசின் தேற்றம் என்று பெயர். தாமசு பேயசு என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதி வைத்திருந்த ஆய்வு, அவர் மறைந்த பின்னர் 1763இல் அவர் நண்பரால் வெளியிடப்பட்டது. தேற்றத்தின் வாய்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவர் பலர் பிணியிடத்தையும் தொகுதியையும் மாற்றி எழுதிவிடுவர். மேலே கண்டவாறு 10,000 பேரை நிறுத்தி வைத்து எண்ணுபவர் தவறமாட்டார்.

மூன்றாம் வினா: ஒன்றையொன்று சாராதனவா?

ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையேனும் 6 விழுமா? ஒரு முறை விழாதிருக்கும் வாய்ப்பு 5/6. நான்கு முறையும் விழாதிருக்கும் வாய்ப்பு 5/6ஐ நான்கு முறை பெருக்கக் கிடைக்கும் 625/1296. ஆகவே ஒரு முறையேனும் விழும் வாய்ப்பு 671/1296. பாதிக்குச் சற்று மேல். இங்கே நாம் தயங்காமல் பெருக்கியதற்குக் காரணம், ஓர் உருட்டல் அடுத்த உருட்டலைப் பாதிப்பதில்லை என்பதே. இவை சாரா நிகழ்ச்சிகள்.

52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுக்கிறோம் என்க. இரண்டும் ஏசு சீட்டுகளாக இருக்கும் வாய்ப்பு என்ன? முதற் சீட்டு ஏசாக இருக்க 4/52. அதைத் திரும்ப வைக்காமல் எடுத்தால், எஞ்சிய 51 சீட்டுகளில் மூன்றே ஏசு. ஆகவே 4/52 × 3/51, அதாவது 1/221. சாராத நிகழ்ச்சிகளாகக் கொண்டு 4/52ஐ இருமுறை பெருக்கினால் 1/169 என்னும் தவறான விடை கிடைக்கும். பெருக்கல் விதி நல்ல வேலைக்காரன். ஆனால் சார்பு இருக்குமிடத்தில் அதனிடம் அப்படியே வேலையை ஒப்படைக்கலாகாது.

தேர்வுத் தாளில் இப்பிழையால் சில மதிப்பெண்கள் போகும். நீதிமன்றத்தில் போனது என்ன என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் வழக்குரைஞரின் இரு கைக்குழந்தைகள் 1996இலும் 1998இலும் திடீரென இறந்தன. தாயே கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், இரு குழந்தைகள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு அதை அதனாலேயே பெருக்கிக் கிடைக்கும் ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவச் சாட்சி ஒருவர் கூறினார். 1999 நவம்பரில் அத்தாய் குற்றவாளி எனத் தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார்.

நம் மூன்றாம் வினாவை இங்கே கேட்டுப் பார்க்க. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த இரு குழந்தைகளின் மரணங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்ள முடியுமா? பரம்பரைக் காரணமோ சுற்றுச் சூழலோ இரண்டையும் பிணைத்திருக்கக் கூடும். அப்படியானால் பெருக்கியதே பொருந்தாது. இரண்டாம் வினாவையும் கேட்க. ‘தாய் குற்றமற்றவரானால் இரு குழந்தைகளும் இவ்வாறு இறக்கும் வாய்ப்பு’ என்பது ஒன்று. ‘இரு குழந்தைகளும் இறந்துவிட்ட நிலையில் தாய் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு’ என்பது வேறொன்று. முன்னது மிகச் சிறிது என்பதால் பின்னதும் சிறிது என்று ஆகிவிடாது. ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிய நிகழ்ச்சியே. இரண்டு அரியவற்றையும் ஒப்பிட்டாலன்றி முடிவு கூற இயலாது.

2001 அக்டோபரில் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் இப்பிழையைச் சுட்டிப் பகிரங்க அறிக்கை வெளியிட்டது. 2003 சனவரியில் மேல்முறையீட்டு மன்றம் தண்டனையை நீக்கி அவரை விடுவித்தது. வெளிப்படுத்தப்படாதிருந்த மருத்துவச் சோதனை முடிவுகளே அதற்கு முதற்காரணம். ஆயினும் அந்தப் புள்ளிவிவரச் சாட்சியத்தையும் மன்றம் குறை கூறியது. சிறையில் மூன்றாண்டுகளுக்கு மேல் கழித்த அப்பெண்மணி 2007இல் காலமானார். ஒரு பெருக்கற் குறியை வைக்குமுன் சிந்திப்பது எத்துணைப் பெரிய கடமை என்பதற்கு இவ்வழக்கு சான்று.

காசுக்கு நினைவாற்றல் இல்லை

சாரா நிகழ்ச்சிகள் பற்றி இன்னொரு மயக்கமும் உண்டு. பத்து முறை தொடர்ந்து தலை விழுந்துவிட்டால், இனிப் பூ விழுந்தே தீரும் என்று நினைப்பர். பேரெண் விதியே அப்படிக் கூறுவதாகவும் சிலர் வாதிப்பர். யாக்கோபு பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்த அவ்விதி, சுண்டல்கள் பெருகப் பெருகத் தலையின் விகிதம் பாதியை நெருங்கும் என்று கூறுவது உண்மை. ஆனால் அது எவ்வாறு நெருங்குகிறது? முதல் பத்தும் தலை என்க. அடுத்த 990 சுண்டல்களில் சராசரியாக 495 தலை எதிர்பார்க்கலாம். மொத்தம் 1,000இல் 505. விகிதம் 0.505. மிகுதியாக வந்த தலைகளுக்கு ஈடாகப் பின்னர்ப் பூக்கள் வரவில்லை. கடலில் கொட்டிய ஒரு குடம் பால் போல, தொடக்க மிகுதி பெருந்தொகையில் கரைந்து போயிற்று.

நம் நாடுகளில் நான்கு இலக்கக் குலுக்குக்குப் பணம் கட்டுவோர் இதை உணர்தல் நலம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒவ்வொரு குலுக்கிலும் ஓர் எண்ணுக்கு முதற் பரிசு விழும் வாய்ப்பு 10,000இல் ஒன்று. “இந்த எண் நெடுநாளாக வரவில்லை, ஆகவே இனி வரும்” என்பதற்குக் கணிதத்தில் இடமில்லை. ஒரே எண்ணை விடாமல் கட்டிவந்தால் என்றேனும் விழாதா என்று கேட்கலாம். வாரம் மூன்று குலுக்கு என்று வைத்துக்கொண்டால் 10,000 குலுக்குகளுக்கு ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் கட்டிய பிறகும் முதற் பரிசு ஒரு முறைகூட விழாதிருக்கும் வாய்ப்பு, 9999/10000 என்பதைப் பதினாயிரம் முறை பெருக்கக் கிடைக்கும் 0.368. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 37.

பாடத்தைப் பயிலும் முறை

பல்கலைக் கழகப் பாடம் இவற்றையெல்லாம் ஓர் ஒழுங்கில் கட்டித் தருகிறது. உருசியக் கணித மேதை கால்மகோரவ் 1933இல் வெளியிட்ட சிறு நூலே அவ்வொழுங்கின் அடித்தளம். நிகழ்தகவு எதிர் எண்ணாகாது. கூறுவெளி முழுமைக்கும் நிகழ்தகவு 1. ஒருங்கே நடவா நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகள் கூடும். இம்மூன்று அடிக்கோள்களின்மீது முழு மாளிகையும் எழும்புகிறது. வரிசை மாற்றமும் சேர்வும் எண்ணுவதற்குத் துணை. பின்னர் நிபந்தனை நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறி, எதிர்பார்ப்பு, ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல் எனப் பாடம் வளர்கிறது. பாஸ்கல் 48 காசு என்று கண்டதும் எதிர்பார்ப்புத்தான்: 64இன் பாதியும் 32இன் பாதியும் சேர்ந்தது.

இப்பாடம் பயிலும் மாணவர் சில பழக்கங்களை மேற்கொள்ளல் வேண்டும். கணக்கைப் படித்தவுடன் வாய்பாட்டைத் தேடாமல், நடக்கக்கூடிய நிலைகளுள் சிலவற்றையாவது கையால் எழுதிப் பார்க்க. எண்கள் பெரியனவாயின், 52 சீட்டுக்குப் பதில் நான்கே சீட்டு என்று சுருக்கி முதலில் தீர்க்க. ‘ஒரு முறையேனும்’ என்று கேட்டால், ‘ஒரு முறையும் இல்லை’ என்பதைக் கண்டு 1இலிருந்து கழிக்க. வந்த விடை 1ஐ மிஞ்சினால் உடனே பின்திரும்புக. ஒரே நிலையை இருமுறை எண்ணியிருப்பீர்கள். ஒரு பகடையையும் ஒரு காசையும் மேசையில் வைத்துக்கொண்டு நூறு முறை உருட்டிப் பார்ப்பதும் வீண் வேலையன்று. கலிலியோவிடம் வந்த புதிர் அப்படி உருட்டியவர்கள் கண்டதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறிய கணக்குகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைக்க. ஒவ்வொன்றிலும் எந்த வினாவைக் கேட்கத் தவறினோம் என்று அருகில் குறித்து வருக: எடையா, நிபந்தனையா, சார்பா? பத்துப் பதினைந்து கணக்குகளுக்குள் தம் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாணவருக்குப் புலப்பட்டுவிடும். உரோபர்வாலும் தாலம்பேரும் தயங்கிய இடத்தில் நாமும் தயங்குவதில் நாணம் வேண்டியதில்லை. அவர்களுக்கில்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு: மூன்று வினாக்களும் முன்கூட்டியே நம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத் தெளிந்து, அதன் பின்னர் எண்ணத் தொடங்குக.